'போ' இல்லாத சமஸ்தானம்

ராஜா வந்துவிட்டார் என்று கீரைக்காரி செவந்தி வாசலில் கூடையை இறக்கிவைத்துச் சொன்னபோது நான் எலக்ட்ரீஷியன் ராஜாவைத்தான் நினைத்தேன், ஏனென்றால் ஹாலில் மின்விசிறி நின்றதிலிருந்து அவனுக்கு ஆள்மேல் ஆள் விட்டு, அவனும் 'இதோ வரேங்கா, இதோ வரேங்கா' என்றே நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். வந்தவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெருவில் வந்துகொண்டிருந்தவர் எலக்ட்ரீஷியன் இல்லை. கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் சின்னத் தோல் பெட்டி, முன்னால் யூகலிப்டஸ் தைல வாசனை, அதற்குப் பின்னால் தும்பைக்கோட்டை சமஸ்தானத்தின் கடைசி ராஜா வரகுணத் துரை, நான் பிறப்பதற்கு முன்னாலேயே குன்னூரில் காலமானவர், தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துப் பல வருஷமாகிவிட்ட பழைய ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு காலை லேசாக இழுத்து இழுத்துச் சாவகாசமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

இந்த ராஜாவா என்றேன்.

"வேற எந்த ராஜாக்கா," என்றாள் செவந்தி. "வரேன்னாரு, வந்துட்டாரு. உங்க எலக்ட்ரீஷியனும் இருக்கானே."

ஊர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. சொன்னவர் வந்தார், இதில் என்ன அதிசயம், இத்தனை நாள் வராமல் இருந்ததுதான் அதிசயம் என்பது தும்பைக்கோட்டையின் கட்சி. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கே அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்றால், இந்த ஊரின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தும்பைக்கோட்டையை வரைபடத்தில் தேடாதீர்கள், கண்தான் கெடும். திருச்சியிலிருந்து மதுரை வரும் பஸ்ஸில் ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் மொத்த ராஜ்யமும் தாண்டிவிடும்: சில கிராமங்கள், இரண்டு ஏரி, ஒரு பொட்டல், பொட்டலுக்கு நடுவில் ஒரு அரண்மனை. பெரிய பெரிய ராஜாக்களுக்கு வெள்ளைக்காரன் பீரங்கி முழக்கி மரியாதை செய்வான். எங்கள் ராஜாவுக்குப் பீரங்கி கிடையாது, கலெக்டர் துரை தொப்பியைத் தொடுவார், அதுவும் வெயில் இல்லாத நாளில். இந்த ராஜ்யத்தை உண்டாக்கிய முதல் ராஜா கட்டாரித் துரை, உண்டாக்கிய கையோடு இது எத்தனை நாள் நிற்கும் என்ற கவலை வந்து, ஒரு ஜோசியரைப் பிடித்துக் காலையிலிருந்து உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். ஒரே ஒரு எழுத்தால் உங்கள் ராஜ்யம் அழியும் என்று சொல்லிவிட்டு ஜோசியர் ஏட்டைக் கட்டிக்கொண்டு சாப்பிடக் கிளம்பினார். எந்த எழுத்து, எந்த எழுத்து என்று கேட்டுக்கொண்டே ராஜா தெருத்தெருவாக அவர் பின்னால் நடந்தார். வீட்டு வாசல் வந்தது, உள்ளே இலை விரித்திருந்தது, சோற்றில் ஆவி பறந்தது, ஜோசியர் திரும்பி நின்று 'போ' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா, பசியில் ராஜாவை விரட்டினாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. பசியோடு இருக்கும் ஆம்பிளையை ஒரு நாளாவது பார்த்திருப்பவர்களுக்கு இதில் சந்தேகமே வராது, ஆனால் அரண்மனையில் அன்றைக்குப் பெண்பிள்ளைகள் யாரையும் கேட்கவில்லை. புலவர்கள் கூடினார்கள். அன்று முதல் ராஜாவின் காதில் 'போ' என்ற எழுத்து விழக்கூடாது என்று ஆணை பிறந்தது.

நெடிலுக்குத்தான் தடை, குறிலுக்கு இல்லை என்றதால் பொங்கல் தப்பித்தது, முந்தின நாள் போகி தப்பவில்லை. போர்வை 'மேல்மூடி' ஆயிற்று. போளி 'பருப்புத்தாள்' ஆயிற்று. போண்டாவுக்கு எழுத்து அதுதான், ஆனால் வாயில் வரும் சத்தம் வேறு என்று சமையற்கட்டில் பெரிய விவாதம் நடந்து, எதற்கு வம்பு என்று அதை 'உருண்டை' என்றார்கள். புலவர்களுக்கே அவர்கள் போட்ட ஆணை வினையாகி, 'போல' என்ற சொல் இல்லாமல் சபையில் ஒரு உவமைகூடச் சொல்ல முடியாமல் தவித்து, சிங்கம் போன்ற மன்னா என்று பாட வந்தவர்கள் சிங்கமே என்று பாடிவிட்டு உட்கார்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சிங்கமே, மேகமே, கடலே என்று கேட்டுக் கேட்டு ராஜாக்களும் அதை நம்பிவிட்டார்கள். தும்பைப் பூவைச் சூடிக்கொண்டுதான் அந்தக் காலத்தில் களத்துக்கு இறங்குவார்களாம், பூவின் பெயரை வைத்துக்கொண்ட இந்த ஊர் மட்டும் ஒரு நாளும் இறங்கவில்லை, ஏனென்றால் எதிரி எல்லையில் வந்து நின்றபோது தளபதியால் 'போர்' என்று சொல்ல முடியவில்லை. சண்டை என்று சொன்னார். தெருச்சண்டை என்று நினைத்து ராஜா இரண்டு பேரைப் பஞ்சாயத்துக்கு அனுப்பினார், வந்த எதிரிகள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

இதெல்லாம் நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும், 'போதும்' என்ற சொல் தொலைந்தது நல்லதுக்கில்லை. ராஜாவின் முன்னால் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக 'நிறைந்தது' என்று சொல்லிப் பார்த்தார்களாம். நம் வீடுகளில் அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு என்றுதானே சொல்வோம், அதனால் ராஜா தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டு இன்னும் இரண்டு மடங்கு கொண்டுவரச் சொல்வார். சாப்பிடும்போது கையை நீட்டி இலையை மறைப்பதும் மரியாதைக் குறைவு. ஆகவே இரண்டாவது ராஜா கட்டிடம் கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். அவர் மகன் கல்யாணம் செய்தார், செய்துகொண்டே இருந்தார். பேரன் கடிகாரமாக வாங்கினார், அரண்மனையில் எந்நேரமும் ஏதாவதொன்று மணி அடித்தது. கடைசியாக வந்த வரகுணத் துரை, ஒரே ஒரு ரோடு இருக்கிற ராஜ்யத்துக்கு மோட்டார் கார்களாக வாங்கி நிறுத்தினார்.

நாடு சுதந்திரமாகி, குட்டி ராஜ்யங்களையெல்லாம் சேர்த்துக்கொள்ள வந்த அதிகாரிகள் திவானிடம் விஷயத்தைச் சொன்னார்கள். திவான் உள்ளே வந்து நின்றார். ராஜ்யம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? ராஜ்யம் கிளம்பிவிட்டது மகாராஜா என்றார்.

"எந்த வண்டியில்?" என்று கேட்டார் ராஜா.

பிடித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். ஊரே பின்னால் அழுதுகொண்டு வந்தது. ரயில் பெட்டிப் படியில் ஏறி நின்று கும்பிட்டு அவர் 'வரேன்' என்றார், கிளம்புகிறவர்கள் எல்லோரும் சொல்கிற மாதிரி. போய்ட்டு வாங்க என்று பதில் சொல்ல வேண்டியவர்கள், ஆணை ஞாபகத்துக்கு வந்து, முதல் பாதியை விழுங்கிவிட்டு, 'வாங்க' என்றார்கள். வாங்க, வாங்க என்று அத்தனை பேரும் சொல்லச் சொல்ல ரயில் நகர்ந்தது. பல வருஷம் கழித்து அவர் குன்னூரில் காலமானதைப் பேப்பரில் ஓரமாகப் போட்டிருந்தார்கள்.

ஆணை மட்டும் காலமாகவில்லை. கேட்க ராஜா இல்லாத ஊரில் அத்தனை பேரும் அந்த எழுத்தை முழுங்கிக்கொண்டே இருந்தார்கள். இங்கே போலீஸ் கிடையாது, காக்கிதான். போன் கிடையாது, செல்லுதான். வேறு எந்த ஊரிலும் 'போலாம், ரைட்' என்று கத்துகிற கண்டக்டர்கள் எங்கள் அரண்மனை ஸ்டாப்பில் இரண்டு விசில் அடித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார், தங்கமான மனுஷர், கல்யாணமான புதிதில் என்னைச் சினிமாவுக்குக் கூப்பிட வந்து, நடக்கலாமா, கிளம்பலாமா, புறப்படலாமா என்று அவர் வார்த்தை தேடி முடிப்பதற்குள் படமே தொடங்கிவிட்டது. நானோ திருச்சி கான்வென்ட்டில் படித்தவள். அங்கே சிஸ்டர் பெனடிக்டா விடிந்தால் அடைந்தால் 'கோ, கோ' என்று விரட்டுவார், அதைத் தமிழாக்கித்தான் நான் குடித்தனம் நடத்துகிறேன். என் ஒரே மகள் உமையாளை வளர்த்ததே அந்த ஒரு எழுத்தால்: போ, போய்க் குளி, போய்ப் படி, போய்த் தூங்கு. பக்கத்து வீட்டில் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ராஜா வந்து சேர்ந்தார். அரண்மனை இப்போது தும்பை மகால், குளிர்சாதன வசதியுள்ள கல்யாண மண்டபம். அவர் நேரே மாடியேறித் தன் பழைய படுக்கையறைக்குள் நுழைந்தார். அது மணமகள் அறை, கண்ணாடியைச் சுற்றிலும் பல்பு, ரோஜா நிறத் திரை. ஒவ்வொரு பல்பாக எரியவிட்டுப் பார்த்து, முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று சொல்லிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

ஒரு வாரத்தில் அவர் ஊருக்குப் பழகிவிட்டார், ஊர் அவருக்கும். காலையில் டீக்கடை பெஞ்சில் அவருக்கென்று ஓரம் ஒதுக்கினார்கள். கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று தர்மகர்த்தா இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தார், பிறகு உயிரோடு இருப்பவருக்கு முதல் மரியாதை, காலமானவருக்கு அதற்கும் முந்தின மரியாதை என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவந்து சரித்திரப் பாடத்தில் சந்தேகம் கேட்கச் சொன்னார்கள், அவர் எல்லாவற்றுக்கும் ஞாபகமில்லை என்றார், பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். எங்கே இறக்கிவிட என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப மகால் வாசலிலேயே விடுவார்கள்.

தொல்லை முதல் முகூர்த்தத்தில் தொடங்கியது. தன் வீட்டில் கல்யாணம் என்றால் ராஜா முதல் பந்தியில் முதல் இலையில் உட்காருவார், அது முறை. அவர் உட்கார்ந்த பந்தியில் யாரும் போதும் என்று சொல்ல முடியாது, இலையை மறைக்கவும் முடியாது, வெளியூர் விருந்தாளிகளுக்கும் வாசலிலேயே சொல்லிவைத்துவிடுவார்கள், பரிமாறுகிறவர்களும் உள்ளூர்க்காரர்கள், நிறுத்தச் சொல்லாதவரை நிறுத்த மாட்டார்கள். சாம்பார் வந்தது, வந்துகொண்டே இருந்தது. சோற்று மலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களின் தலை தெரியவில்லை. முதல் பந்தி எழுந்தபோது சமையற்கட்டில் அண்டாக்கள் கவிழ்ந்துகிடந்தன, இரண்டாம் பந்திக்கு அப்பளமும் வெற்றிலையும் வந்தன, மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்று, சோத்துக்கு வழியில்லாத வீட்டிலா பெண் எடுத்தோம் என்று கேட்டுவிட்டார். அடுத்த முகூர்த்தத்திலும் அதே கதை, இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொள்ளாமலே பஸ் ஏறி, மூன்று நாள் கழித்துச் சமாதானமாகி வந்தார்கள். அந்த இரண்டு பெண்களும் வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சைக் கேட்பார்கள், புகுந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா.

மூன்றாவது முகூர்த்தம் என் உமையாளுடையது. மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர், கோபித்துக்கொள்ளப் பிறந்தவர்கள். மாப்பிள்ளைக்கு நார்வேயில் வேலை, கல்யாணம் முடிந்த கையோடு இவளையும் அழைத்துக்கொண்டு பறந்துவிடுவார். கண்காணாத ஊரில், பாதி வருஷம் சூரியனே எட்டிப் பார்க்காத குளிரில், ஒரு சொல் குத்தினால் ஓடிவர அம்மா வீடுகூடப் பக்கத்தில் இல்லாத என் பெண், சோற்றுக்கு வழியில்லாதவள் என்ற பெயரோடு போய் இறங்குவதா? சுற்றுவட்டாரத்தில் வேறு மண்டபம் ஒன்றும் காலியில்லை. ராஜா கிளம்பியாக வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபக் கமிட்டித் தலைவர் சிவக்கொழுந்து சார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், நல்ல யோசனைக்காரர் என்று பெயர். தமிழில் சொன்னால்தானே குற்றம் என்று சொல்லி, நன்றாக இஸ்திரி போட்ட சட்டையோடு மேலே ஏறி, ராஜாவைப் பார்த்து இங்கிலீஷில் "கோ" என்றார். கோ என்றால் நம் பாஷையில் அரசன் என்பது அந்த ஹெட்மாஸ்டருக்கு மறந்துவிட்டது. ராஜா முகம் மலர்ந்து, ஆமாம், நாம்தான் என்றார். சார் கும்பிட்டுவிட்டு இறங்கிவந்தார்.

பிறகு கமிட்டி என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தது. மின்விசிறி சுற்றாததால் எல்லோருக்கும் வியர்த்தது, நல்லதாயிற்று என்று இருந்தேன். நீங்க வெளியூர்ப் பொண்ணு, உங்க வாய்க்கு அந்த எழுத்து பழக்கம், உங்களைத் தவிர ஆள் இல்லை என்று சுற்றிவளைத்துச் சொன்னார் சார். என் வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் எந்த வாயைப் பற்றி ஊர் முழுக்கப் பேசினார்களோ, அந்த வாய்க்கு இன்றைக்கு வேலை வந்துவிட்டது என்று சொல்லி, பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ராஜா மணமகள் அறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். குடை மடியில் இருந்தது, பெட்டி திறக்காமலே வைத்த இடத்தில் இருந்தது. பெயர் கேட்டார். மங்கையர்க்கரசி என்றேன்.

"அரசியா? எந்த ஊருக்கு?"

"அடுப்படிக்கு."

சிரித்தார். அப்படியானால் நாமும் நீங்களும் சமம் என்று சொல்லி, பிளாஸ்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வந்தவர்களுக்கு ராஜா கையால் ஊற்றித் தருவது அரண்மனை முறையாம். கொண்டுவந்திருந்த டபரா டம்ளரை நீட்டினேன். ஊற்றினார். பாதி வந்தது, முக்கால் வந்தது, விளிம்புக்கு வந்தது, மனுஷர் நிறுத்தவில்லை, டபராவும் நிறைந்து காபி என் பட்டுப்புடவைக்கு இறங்கப் பார்த்தபோது, போ என்று சொல்ல வந்தவள் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

"போதும், போதும்."

ராஜா பிளாஸ்கை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் கூரையைப் பார்த்தேன், என்ன இருந்தாலும் ராஜ்யத்தையே அழிக்கிற எழுத்து. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது, அது வழக்கமாகச் சொட்டுவதுதான்.

"அதென்ன வார்த்தை அம்மா?"

"வேண்டிய அளவு வந்தாச்சுன்னு அர்த்தம். இதுக்கு மேல ஊத்தினா புடவைதான் வீணாகும்."

அவர் அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நாக்கில் வைத்து, ருசி பார்த்து, மறுபடியும் சொன்னார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே, முன்பு கார்கள் நின்ற இடத்தில் இப்போது பைக்குகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்றார். எத்தனையோ கார் வாங்கினோம், இருந்தது ஒரே ரோடு, யாராவது ஒருத்தர் ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கலாம் என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. கடையில் ஒரு சாமானை இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டவர் குரல்.

எதற்காகத் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன், வந்த காரியத்தை விட்டுவிட முடியாதே.

"வரேன்னு சொன்னோம், வாங்கன்னு சொன்னாங்க. குன்னூர்ல இருந்தோம், அங்கேயே மூச்சும் நின்னாச்சு. ஆனா எங்கேயும் கெளம்பின மாதிரியே இல்லம்மா. எப்பவும் இந்த ஊருக்கு வந்துக்கிட்டே இருக்கிற மாதிரிதான் இருக்கு. கால் ரொம்ப வலிக்குது."

குனிந்து பார்த்தேன். பூட்ஸின் அடிப்பாகம் தேய்ந்து காகிதமாகியிருந்தது. போ என்ற எழுத்து என் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது, இருபது தடவை வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ஆனால் இப்போதுதான் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கும் மனுஷரிடம் அடுத்த நிமிஷமே இன்னொன்றை வீச எனக்கு மனசு வரவில்லை. காபியைக் குடித்தேன், ஆறிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கதவிலேயே நின்றார். "சொன்னியா மங்கை?"

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"கல்யாணத்துக்கு வாங்கன்னு சொன்னேன்."

அவர் நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. தாலி ஏறியபோது ஊரே அட்சதை தூவியது, அத்தனை கண்ணும் சாப்பாட்டுக் கூடத்தின் மேல் இருந்தது. முதல் பந்தியில் முதல் இலையில் ராஜா, பக்கத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, பிறகு வரிசையாகக் கோயம்புத்தூர். சாம்பார் வந்தது. மறுபடி வந்தது. சித்தப்பாவின் இலையில் சோறு மூக்குவரை எழும்பியது, அவர் என்னைத் தேடிப் பார்த்த பார்வையில் என் பெண்ணின் நார்வே தெரிந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது ராஜா எழுந்தார். அவர் எழுந்தால் பந்தியே எழ வேண்டும், பாதிப் பேர் எச்சில் கையோடு எழுந்தார்கள், உட்காருங்கள் என்று கையால் காட்டிவிட்டு, பாயசத்தோடு வந்த பையனைப் பார்த்து, அரண்மனைக்கு உரிய குரலில், தெளிவாக, அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் சொல்லியிராத சொல்லைச் சொன்னார்.

"போதும்."

உள்ளூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒன்றும் இடியவில்லை. போக வேண்டிய ராஜ்யம் எப்போதோ போய்விட்டதே, மிச்சம் என்ன இருக்கிறது இடிய. ராஜா வரிசையைப் பார்த்து, வயிறு நிறைந்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்லலாம், நாமே சொல்கிறோம் என்றார். சித்தப்பா முதலில் சொன்னார். அடுத்த இலை சொன்னது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போதும், போதும், போதும் என்று ஓட்டுக்கூரையில் மழை நடக்கிற மாதிரி ஓடியது. எங்கள் ஊர்க் கிழங்கட்டைகள் சாப்பிட்டு முடித்த பிறகும் சும்மா உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஐந்து பந்தி நடந்தது. மிஞ்சின போளியைக் கட்டிக் கொடுத்தனுப்பினோம். இப்படி ஒரு சாப்பாடு எங்கள் பக்கம்கூடக் கிடையாது என்று சித்தப்பா ஏப்பத்தோடு சொன்னார், அவர்கள் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

பிறகு கிளம்புகிற நேரம் வந்தது. மகால் வாசலில் பூக்கட்டின கார். ராஜா படிக்கட்டில் ஓரமாக நின்றிருந்தார். உமையாள் எல்லோர் காலிலும் விழுந்து எழுந்து, மூக்கு சிவந்து, என் முன்னால் வந்து நின்றாள்.

"வரேம்மா."

வா என்றார் என் வீட்டுக்காரர், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. வாம்மா என்றார் சிவக்கொழுந்து சார். வா, வா என்றது ஊர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை ஆயிரம் தடவை நான் வீசியெறிகிற எழுத்து அது, கேட்காமலே வந்து விழுகிற எழுத்து. வாயைத் திறந்தேன். வரவில்லை. சரி, ஊர் வழக்கம்தானே, நானும் வா என்று சொல்லி முடித்துவிடலாம் என்று உதட்டைப் பிரிக்கும்போது ராஜா படியிறங்கி வந்தார்.

"அப்படி மட்டும் அனுப்பாதீங்கம்மா," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நம்மை அப்படித்தான் அனுப்பினாங்க. பாசமாத்தான் சொன்னாங்க, வாங்க வாங்கன்னு. முதல் பாதி ஒன்னு இருக்குன்னு இன்னைக்குத்தான் கோயம்புத்தூர்க்காரங்க சொல்லக் கேட்டோம், அதைச் சொல்லாம விட்டுட்டாங்க. அதனால நாம அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கொழந்தை அந்த ஊருக்குப் போய்ச் சேரணும் இல்லையா?"

பரம்பரையில் எந்த ராஜாவும் கிளம்புவதற்குச் சொல்லியிராத எழுத்தை, பந்தியில் பழகிய நாக்கால் அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

நான் என் மகளின் மோவாயைப் பிடித்துக்கொண்டேன். "போய்ட்டு வா," என்றேன். கரகரவென்று, யாருடைய குரலோ மாதிரி வந்தது.

உமையாள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "தினமும் சொல்றதுதானேம்மா, இதுக்கா இந்தப் பாடு?"

"தினமும் பாதியைத்தாண்டி சொன்னேன்."

கார் நகர்ந்தது, முக்கில் திரும்பியது. கூட்டம் கலையவில்லை, ஏனென்றால் ராஜா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் குடையும் தோல் பெட்டியும் இருந்தன, எப்போது எடுத்துவந்தாரோ தெரியாது. பள்ளிக்கூட வரிசையில் தன் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் அவருக்கு. கும்பிட்டு, சத்தமில்லாமல், வரேன் என்றார்.

பழக்க தோஷத்தில் வா என்று திறந்த வாய்களையெல்லாம் நான் ஒரு பார்வை பார்த்தேன், என் பார்வையை ஊர் அறியும்.

"போய்ட்டு வாங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார். பிறந்ததிலிருந்து சொல்லாத எழுத்தை உதட்டில் வைத்துத் தூக்கினார். "போ... போய்ட்டு வாங்க, மகாராஜா." பிறகு சிவக்கொழுந்து சார், பிறகு செவந்தி, பிறகு டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், பரிவட்டத்துக்கு முறுக்கிக்கொண்ட தர்மகர்த்தா, எல்லோரும், போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க என்று, அன்றைக்கு ஸ்டேஷனில் விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னார்கள். ராஜா கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார். போதும் என்றார். திரும்பி, பழைய ஸ்டேஷன் பக்கம் நடந்தார். வந்தபோது இழுத்த கால் இப்போது இழுக்கவில்லை. முக்கில் யூகலிப்டஸ் வாசனை கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது. ரயில் கூவினது கேட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். சமையற்கட்டில் அண்டா கழுவுகிற சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரத்துக்கு வந்த மதுரை பஸ் மகால் ஸ்டாப்பில் நின்றது. ஆள் ஏறியானதும் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான், கூட்டத்தைப் பார்த்தான், என்ன தோன்றிற்றோ, விசிலை எடுத்துவிட்டு, "போலாம், ரைட்" என்றான். பஸ் போனது.

மணமகள் அறையில் இப்போது மற்ற கல்யாணப் பெண்கள் அலங்காரம் செய்துகொள்கிறார்கள். ஜன்னலோர நாற்காலியை மட்டும் யாரும் நகர்த்துவதில்லை, வாங்க என்றும் சொல்லித்தானே அனுப்பியிருக்கிறோம். என் வீட்டில் உமையாளின் கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றுகிறேன். போய்ச் சேர்ந்துவிட்டாளாம், ராத்திரி பத்து மணிக்கும் அங்கே வெயிலாம், தூக்கமே வரவில்லையாம், போனில் சொன்னாள். ஆக, வருவதாகச் சொன்னவர்கள் இப்போது மூன்று பேர்: ராஜா, உமையாள், எலக்ட்ரீஷியன். மற்ற இரண்டு பேரும் அவரவர் சௌகரியப்படி வரட்டும். அவள் முதலில் வர வேண்டும். எனக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது, அது அவளுக்குத் தெரியும்.